மாட்டை நிறுத்தினேன், பன்றி நுழைந்தது

வாயில்லை, வயிறில்லை, சாப்பாட்டை மாற்றினால் மட்டும் கோபித்துக்கொண்டு உயிரை விட்டுவிடும். அது என்ன? உங்கள் வீட்டு ஆள் யாரையும் நினைக்க வேண்டாம். தட்டில் வளரும் மனித ஸ்டெம் செல்தான் அது. அதற்குச் சோறு போடுவதுதான் என் தொழில்.

குத்துக்கல்வலசையில் எங்கள் ஆய்வகம் சின்னது. பிரசவமான தாய்மார்கள் சம்மதித்துத் தரும் தொப்புள்கொடியிலிருந்து செல் எடுத்து வளர்க்கிறோம். ஆறாத புண்ணுக்கும் தேய்ந்த மூட்டுக்கும் என்றாவது உதவும் என்ற நம்பிக்கை. இந்தச் செல்களுக்கு வழக்கமான தீனி, கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். அதன் மிச்சம் மனித உடம்புக்குள் போனால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் விலங்குப் பொருளே இல்லாமல் வளர்த்துக் காட்டுகிறேன் என்று தலைவர் டாக்டர் வசந்தியிடம் நான்தான் வீராப்பாகச் சொன்னேன். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையை வளர்த்தவர்கள் மேலே படியுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

காலிப் பந்தி

செல் முதலில் தட்டின் அடியில் ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் பெருகும். கன்று சீரத்தை நிறுத்திய முதல் தடவை ஒன்றுகூட ஒட்டவில்லை. எல்லாம் மிதந்து செத்தன. இரண்டாம் தடவையும் அதே கதி. நான் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்காமல், ஏதோ வெறித்துப் பார்த்தால் ஒட்டிவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். உடன் வேலை செய்யும் இசக்கியம்மாள் ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

"பந்தியில எல போட்டு எல்லாம் வச்சாச்சு சார். ஒருத்தரும் உக்கார மாட்டேங்காவளே!"

எங்கள் சைவம்

பாவூர்சத்திரம் காய்கறி வியாபாரி ஒருவரின் மனைவிக்குக் குழந்தை பிறந்திருந்தது. கொடியைத் தரச் சம்மதம் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா உடனே சரி என்றுவிட்டார். கணவருக்குத்தான், அதில் என்னவெல்லாம் சேர்ப்பார்களோ என்று சந்தேகம். மாடு, பன்றி எதுவும் சேர்ப்பதில்லை, சுத்த சைவம் மாதிரி என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியென்றால் தீனி என்ன என்றார். ரத்த வங்கியில் கெடு தாண்டிய பிளேட்லெட் தட்டணுக்களிலிருந்து சத்து எடுத்துக் கொடுக்கிறோம் என்றேன். யாருடைய ரத்தம் என்றார். மனித ரத்தம் என்றேன். கட்டிலில் படுத்திருந்த அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மாட்டு ரத்தம் ஆவாதுன்னு மனுச ரத்தம் குடுக்கிய. நல்லா இருக்கு அண்ணாச்சி ஒங்க சைவம்!"

பழகிய கை

மூன்றாம் தடவை, தட்டில் மனிதப் புரதம் ஒன்றைப் பூசினேன். ஒட்டின! ஒட்டியவை பெருகித் தட்டை நிறைத்தன. ஆய்வகம் முழுக்க லட்டு கொடுத்தேன். நிறைந்த செல்களைத் தட்டிலிருந்து உரித்து வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். அதற்கென்று ஒரு கரைசல் உண்டு. குளிர்பெட்டியைத் திறந்தேன், புட்டியை எடுத்தேன், ஊற்றினேன். வருடக்கணக்காகக் கை செய்யும் வேலை. தலைக்கு அதில் பங்கில்லை.

டாக்டர் லட்டைக் கடித்தபடியே, "எதை ஊற்றி உரிச்சீங்க?" என்றார். சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கரைசலில் உள்ள நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. விலங்கில்லாத கரைசல் குளிர்பெட்டியின் பக்கத்து அடுக்கிலேயே, மூடிகூடத் திறக்காமல் இருந்தது. டாக்டர் மிச்ச லட்டைக் காகிதத்தில் வைத்தார். இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம், அதுவும் போனால் பழையபடி கன்று சீரம்தான் என்றார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"மாட்டை வாசல்ல மறிச்சு நிறுத்திட்டு, பன்றியைக் கொல்லைப் பக்கமா உள்ள விட்டிருக்கீங்களே சார்!"

ஞாயிற்றுக்கிழமை

செல்லுக்கு விடுமுறை கிடையாது. அதனால் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பூங்கொடிக்கு இந்தச் சீசனில் அதுவரை குற்றால அருவி கிடைக்கவில்லை. நான்காம் தடவை செல்களைச் சரியான கரைசலில் உரித்துப் புதுத் தட்டில் விட்டது ஒரு சனிக்கிழமை. மறுநாள் பார்த்தால் தெரிந்துவிடும்: உருண்டு மிதந்தால் தோல்வி, ஒட்டி நீண்டிருந்தால் வெற்றி. சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் என்று சொல்லி அவளையும் ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் வெளி அறையில் உட்காரவைத்தேன்.

உள்ளே போய்த் தட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒட்டியிருந்தன. நெல் நாற்றுப்போல நீள நீளமாக, வரிசையாக. டாக்டருக்குப் போன் செய்தேன். இனிக் கன்று வேண்டாம், இப்படியே தொடரலாம் என்றார். வெளி அறைத் திரையில் படத்தைப் போட்டு, ஒரு மாடு இல்லை, ஒரு பன்றி இல்லை என்று பூங்கொடிக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகப் பார்த்தாள்.

"இதுக்காப்பா இத்தன நாளா நாம அருவிக்குப் போவல? இது ஆடக்கூட மாட்டேங்கு!"

அருவியில் ஆசைதீரக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். வெற்றியைக் கொண்டாட வேண்டும், என்ன வேண்டுமோ கேள் என்றேன். எந்த விலங்கும் அண்டாமல் உயிர் வளர்க்க அத்தனை பாடுபட்டவனுக்கு வீட்டில் வளர்வதிடம் செல்வாக்கு இவ்வளவுதான்: பூங்கொடி பரோட்டாவும் நாட்டுக்கோழியும் கேட்டாள்.