அம்மாவுக்காக நான் முகர்ந்த சென்ட்டுகள்

சென்ட் தெளித்த வெள்ளை அட்டைக் கீற்றை மூக்கருகே கொண்டுபோனதும் முதலில் ஏறுவது சாராய நெடிதான். கண்ணில் நீர் கோக்கும்; இதற்கா இத்தனை பகட்டு என்று தோன்றும். கொஞ்சம் பொறுத்து, கீற்றைக் காற்றில் ஆட்டிவிட்டு மறுபடி முகர்ந்தால் எலுமிச்சையோ பூவோ மெல்ல எட்டிப்பார்க்கும். சாப்பிட்டுக் கை கழுவி வந்து எடுத்துப் பார்க்கும்போது அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும், ஈர மரமோ, காய்ச்சிய பாலோ, தீய்ந்த சர்க்கரையோ. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த ஆண்டு, சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டேன். அம்மாவின் வேலை அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு பெரிய கடையின் கீழ்த்தளத்தில் வாசனைத் திரவியம் விற்றார். கறுப்புச் சட்டை, இறுகக் கட்டிய கொண்டை, சிவப்பு உதட்டுச்சாயம், அதற்கு மேலே அவர் விடாமல் வைத்துக்கொள்ளும் சின்னப் பொட்டு. எங்கள் உறவில் யாருக்கும் அந்த வேலை பிடிபடவில்லை. கல்யாண வீடுகளில் "சென்ட் கடையில நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கோ, நடந்து போகிறவர்களைத் தன் ஒரு சிரிப்பால் நிறுத்திவிடும் அம்மாவைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது.

அந்த ஆண்டு அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, மூக்கடைப்பு மட்டும் சில நாள் இழுத்துச் சரியானது. பேருந்து ஓட்டுநரான அப்பா, "மூக்கு உள்ள மட்டும் சளி, விடு" என்று பழமொழி சொல்லி முடித்துவிட்டார். ஒரு சனிக்கிழமை, என் அறையில் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கருகல் வாடை அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பில் வறுபட்டுக்கொண்டிருந்த நெத்திலி கரியாகியிருந்தது. அம்மா பக்கத்திலேயே நின்று, சுவரைப் பார்த்தபடி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, கருகுது!"

"எது?" என்றார் அம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அடுப்பை அணைத்தது நான்தான். அம்மா வெங்காயத்தை மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு காப்பித்தூள் டப்பாவைத் திறந்தார், கறிவேப்பிலையைக் கசக்கினார். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காய்ச்சல் வாசனை நரம்பைத் தாக்கியிருக்கிறது, திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். கடையில் சொல்லிவிடலாமே என்றார் அப்பா. "சொன்னா என்னைப் பின்னால ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிடுவாங்க. பெட்டி அடுக்கவா நான் இத்தனை வருஷம் நின்னேன்?" என்று கேட்டார் அம்மா. பழைய சென்ட்டுகளைப் பற்றி அம்மாவுக்குக் கவலை கிடையாது. அவை அத்தனையும் நினைவில் இருந்தன, குப்பியைப் பார்த்தாலே பேசிவிடுவார். சிக்கல் "புதுச்சரக்கு"தான். ஆண்டு முழுக்கவும், தீபாவளியும் கிறிஸ்துமஸும் நெருங்கும் பருவத்தில் இன்னும் அதிகமாகவும், புதிது புதிதாக வந்து இறங்கும். அவற்றைத் தெரிந்துகொள்ளட்டும் என்று கடையில் விற்பனையாளர்களுக்குச் சுண்டுவிரல் அளவில் "சாம்பிள்" குப்பிகள் தருவார்கள். அவற்றை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார்.

"கயல், நீதான் இதுக்கெல்லாம் சொல்லணும்."

முதல் கீற்றை முகர்ந்து, நன்றாக இருக்கிறது என்றேன்.

"நல்லா இருக்குங்கிறது ஒரு வாசனையா? கஸ்டமர் கேட்டா நான் என்ன சொல்றது? கண்ணை மூடு. எங்க நிக்கிற, அதைச் சொல்லு."

கண்ணை மூடினேன். தேக்கா சந்தைக்கு வெளியே பூக்கடையில் நின்றேன். ஆனால் வெயில் இல்லை, கூட்டம் இல்லை, பூ சில்லென்றிருந்தது. "மல்லிகைதான்மா. ஆனா ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல இருந்த மல்லிகை." அம்மா கண்ணை மூடிக்கொண்டு அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மறுநாள் வேலையிலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றும் முன்னமே, "உன் ஃபிரிட்ஜ் மல்லிகையை மூணு பேர் வாங்கிட்டாங்கடி!" என்று கத்தினார்.

அதன்பிறகு எனக்கு ஊரே வேறாகிவிட்டது. பள்ளிக்குப் போகும் வழியில், லிட்டில் இந்தியாவில் அம்மாவோடு காய்கறி வாங்கும்போது, எங்கே போனாலும் மூக்கை விரித்துக்கொண்டு நடந்தேன். மழைக்கு முன் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எழும் சிமெண்டு மணம், சீனப் புத்தாண்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் உரித்துக் கொடுக்கும் பம்பளிமாஸ் பழத்தோலின் கசப்பு, ஜனவரியில் புதுப் பாடநூலைப் பிரித்தால் வருவது, பலகாரத்துக்கு அரைத்த பாண்டான் இலை, ஈரக் குடை... பழைய நினைவையும் விடாமல் எல்லாவற்றையும் சேர்த்துவைத்தேன். வீட்டில் புழங்கும் சொற்களும் உதவின. "கவிச்சி", "காறல்", "கமறல்", "மக்கின வாடை" என்று அதட்டலில் மட்டுமே காதில் விழுந்த சொற்களெல்லாம் வேலைக்கு வந்தன. ஒரு சென்ட்டை முகர்ந்து, "டுரியான் பழக்கடையைத் தாண்டி பஸ் போறப்ப குப்புனு நாறுமே, அந்த மாதிரி" என்றேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதைச் சொன்னா யாருடி வாங்குவா?" ஆனால் யோசித்து அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்: 'இது எல்லாருக்கும் பிடிக்காது. பிடிச்சவங்க விடமாட்டாங்க' என்று சொல்லியே அதையும் விற்றார்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில், அப்பாவுக்கும் காலை வேலை என்பதால், அம்மா என்னைக் கடைக்கு அழைத்துப்போன நாள் ஒன்று உண்டு. கடை திறக்கும் முன் விற்பனையாளர்களுக்குப் பயிற்சி. மேற்பார்வையாளர் மிஸ் கோ, அன்றுதான் வந்த புதிய சென்ட்டை ஆளுக்கொரு கீற்றில் தெளித்துக் கொடுத்து, பெயரைச் சொல்லாமல், என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டுவந்தார். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். இதற்கு மட்டும் சாம்பிள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா கடைசியில் நின்றார். முன்னால் நின்றவர்கள் சொன்னதில் கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். அப்படித்தான் செய்வார் என்று நினைத்தேன். செய்யட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

அம்மா கீற்றை மூக்கில் வைத்தார். இறக்கினார். பிறகு நிமிர்ந்து நின்று, காய்ச்சலுக்குப் பிறகு தனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை என்று, அத்தனை பேர் முன்னிலையில், தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்.

யாரோ கிசுகிசுத்தார்கள். மிஸ் கோ அம்மாவின் அருகே வந்தார். பிறகு, இத்தனை மாதமாக எல்லோரையும்விட நீதானே அதிகம் விற்றாய், எப்படி, என்று கேட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "கயல், இங்க வாம்மா."

எழுந்து போனேன். கீற்றை வாங்கிக் கண்ணை மூடினேன். வழக்கம்போல முதலில் நெடி. காத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கூடம் வந்தது. அம்மா அப்பாவின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "லேசா ஈரம் இருக்கிற சட்டைமேல இஸ்திரிப் பெட்டி பட்டா ஆவி வரும்ல, அது. பக்கத்துல யாரோ ஆரஞ்சு உரிக்கிறாங்க" என்று தமிழில் ஓடியதை ஆங்கிலத்தில் திக்கித்திக்கிச் சொன்னேன். மிஸ் கோ தன் கையிலிருந்த கீற்றை மறுபடி முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். "ஐயோ, ஆமாம் லா!" என்று உள்ளூர் ஆங்கிலத்தில் கூவி, பக்கத்தில் நின்ற பெண்ணின் மூக்கிலும் அதை நீட்டினார்.

அம்மாவை ஸ்டோர் ரூமுக்கு யாரும் அனுப்பவில்லை. ஆனால், வாடிக்கையாளர் தோலில் சென்ட் எப்படி மாறுகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையை வேறொரு பெண்ணிடம் கொடுத்தார்கள். அது அம்மாவுக்குக் கொஞ்சநாள் வலித்தது. பேச்சு மட்டும் அம்மாவிடமே இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, வாங்க வருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். புதுக் குப்பி எது வந்தாலும், "மகளுக்கு" என்று சொல்லி மிஸ் கோவே ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

பயிற்சி நடந்த அந்த நாள் ரயிலில் வீடு திரும்பும்போது, எதிரில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர், அம்மாவின் கறுப்புச் சட்டையைப் பார்த்து எங்கே வேலை என்று கேட்டார். வழக்கமாக "டவுன்ல" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் அம்மா, அன்று தன் கையை என் தோளில் போட்டுக்கொண்டு, "சென்ட் கடையில. நானும் என் மகளும்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போது அந்தக் கடை இல்லை. அந்தத் தளத்தில் கைப்பேசி உறைகளும் குமிழித் தேநீரும் விற்கிறார்கள். சென்ட்டை முகராமலேயே, திரையில் நாலு வரி படித்துவிட்டு வாங்குகிற காலம். மிஸ் கோ ஓய்வுபெற்று மகனோடு வெளிநாடு போய்விட்டார். நான் கிளமெண்டியில் ஒரு மருத்துவ நிலையத்தில் இயன்முறை சிகிச்சையாளராக இருக்கிறேன். வேலையிடத்தில் சென்ட் போட எனக்கு அனுமதியில்லை. அம்மாவுக்குக் காப்பி மணம் மட்டும், அதுவும் சில நாள்களில், மங்கலாகத் தெரிகிறதாம்.

போன மாதம் சிராங்கூன் சாலையில் ஓர் உறவினர் கல்யாணம். என் கணவர் எனக்கு வாங்கித் தந்த புது சென்ட்டை அம்மாவின் கழுத்தோரம் கொஞ்சம் தெளித்துவிட்டிருந்தேன். அவசரத்தில் அது எப்படி இருக்கும் என்று சொல்ல மறந்துவிட்டேன். பந்தியில் ஒருவர் குனிந்து, "அக்கா, என்ன வாசம் இது, ரொம்ப நல்லாருக்கே?" என்றார். அம்மா சற்றும் தயங்கவில்லை. "மழை விட்டதும் ஜன்னலைத் திறப்போம்ல? கீழே யாரோ புல்லு வெட்டியிருப்பாங்க. அந்தக் காத்து. அப்புறம் மெதுவா சந்தனம் வரும் பாருங்க" என்றார். விசாரித்தவர் அந்த சென்ட்டின் பெயரை என்னிடம் கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போனார். நான் அம்மாவின் தோளில் சாய்ந்து முகர்ந்து பார்த்தேன். புல் இருந்தது. மழை இருந்தது. சந்தனம் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது.