வேலைக்காரக் காணி

பியர்பொன்ட்ஸில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்னால் ஆறு ஓடியது. வீட்டுக்கும் ஆற்றுக்கும் இடையே நாணல் மண்டிய ஒரு துண்டுக் காணியும் எங்களுடையதுதான். அதற்குள் இறங்கினால் கால் திரும்பி வரும், சப்பாத்து வராது. ஆனாலும் என் மனைவியின் அண்ணருக்கு அதன்மேல் ஒரு கண். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லவாலில் இருந்து நேரே எங்களிடம்தான் வருவார்.

"மச்சான், மண் கொட்டி நிரப்பினா ஒரு ஹோல் கட்டலாம். சாமத்தியவீடு, கலியாணவீடு எல்லாத்துக்கும் வாடகைக்கு விடலாம்."

அவருக்கு மாட்டோம் என்று சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வராது.

அந்த இலையுதிர் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரக் கிழவர் தன் ஆற்றங்கரைக் காணியை இயற்கையைப் பாதுகாக்கும் ஒரு சங்கத்துக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தார். சில நாட்களில் சங்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் கதவையும் தட்டினாள். அது ஆமைகள் முட்டையிடும் கரையாம். நாங்கள் காணியைக் கொடுக்கத் தேவையில்லை, அது எங்களுடையதாகவே இருக்கும். ஆனால் நாங்களோ, பின்னால் வாங்குகிறவர்களோ அதை நிரப்பவோ, அதில் கட்டவோ முடியாதபடி எழுதித் தரவேண்டும். அதற்குப் பெயர் 'சேர்வித்யூட்' என்றாள்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அது அடிமைத்தனம். மனைவியிடம் அப்படியே சொன்னேன்.

"அடிமையா இருக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பிவிடுங்கோ."

பெண் பதறிப்போய் விளக்கினாள். அடிமை நாங்கள் இல்லை, காணிதான். சட்டப்படி பக்கத்துக் காணி ஆளுகிற காணி, எங்களுடையது ஊழியம் செய்கிற காணி. இதை மொழிபெயர்த்தது என் பிழையாகிப் போயிற்று.

"அப்ப கிழவர் குடுத்த காணி எசமான், எங்கடை வேலைக்காரனோ? ரெண்டும் ஒரே சேறுதானே?"

பெண் என்னைப் பார்த்தாள். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன். மனைவி யன்னலால் நாணல் காணியை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஒருத்தரும் நிரப்பேலாது எண்டு சட்டமே சொல்லுமோ? அண்ணை கேட்டாலுமோ?"

யார் கேட்டாலும் முடியாது என்றாள் பெண்.

"எங்கை கையெழுத்து வைக்கிறது?"

நொத்தாரிசு அலுவலகத்தில் பத்திரத்தை முழுதாக வாசித்தார்கள். ஊழியக் காணி என்று வந்த இடமெல்லாம் மனைவி பெருமூச்சு விட்டாள். ஆனால் கையெழுத்தை என்னை முந்திக்கொண்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணருக்குச் செய்தி சொன்னதும் அவள்தான். செத்தவீட்டு முகத்தோடு, "சட்டம் அண்ணை, நாங்கள் என்ன செய்யிறது?" என்றாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டேன்.

வசந்தத்தில் பனி கரைந்து ஆறு பெருகியது. அண்ணர் ஹோல் கட்ட நினைத்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் வாத்துகள் குடும்பம் குடும்பமாக மிதந்தன. அண்ணர் கைகளைப் பின்னால் கட்டியபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, உந்த வாத்துகள் ஆரின்ரை?"

"ஒருத்தற்றையும் இல்லை, அண்ணை."

அவர் இன்னும் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப ஒண்டைப் பிடிச்சாச் சட்டம் ஒண்டும் சொல்லாதுதானே?"