சி ஷிப்ட் தெருவில் ஒரு தும்மல்

என் மகள் எழுதி வரைந்த புத்தகத்தை நான் கெடுத்தேன். நல்ல எண்ணத்தில்தான் கெடுத்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள விருப்பமில்லை. அது எப்படிப் பிழைத்தது என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் ஷிப்ட் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயலில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளை. எங்கள் தெருவிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவன். அதனாலோ என்னவோ, பேச்சும் எழுத்தும் திருத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம். ஆலையில் யாருக்கு வழியனுப்பு விழா என்றாலும் பாராட்டுரை எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வருவார்கள்.

வேலையில் இருந்த காலம் முழுக்க ஆலைக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சி ஷிப்ட் என்றால் இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். எந்த வீட்டுக் கதவில் கம்பெனிச் சட்டை தொங்குகிறதோ அந்த வீட்டில் ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். சட்டை தொங்கும் வீட்டில் குக்கர் விசில் கேட்காது, மிக்சி ஓடாது. டம்ளரைக்கூடத் துணி விரித்து அதன்மேல்தான் வைப்பார்கள். பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். கார்ட்டூனைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளையை எந்த ஊரிலும் அடையாளம் கண்டுவிடலாம். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும்.

என் மகளும் அப்படித்தான். ஒருமுறை என் மனைவியின் ஊரான திருப்பாச்சூருக்குப் போனபோது, திருவிழாக் கடையில் அவள் ஒரு விசில் வாங்கினாள். வீட்டுக்கு வந்த பிறகு, நான் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பகலில், மறந்துபோய் ஊதிவிட்டாள். நான் எழுந்து வந்தேன். திட்டவில்லை, அடிக்கவில்லை. விசிலை அவள் கையிலிருந்து வாங்கி, தரையில் போட்டு, காலால் மிதித்தேன். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். அவள் அழுதாளாம். அந்த அழுகை என் காதில் விழவில்லை.

இப்போது நாங்கள் வேப்பம்பட்டில் இருக்கிறோம். அவள் சென்னையில் பிஸ்கட் பாக்கெட்டுகளுக்குப் படம் வடிவமைக்கும் வேலை பார்க்கிறாள். மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு தனக்காகவும் வரைவாள். அப்படி உருவானதுதான் அந்தக் குழந்தைகள் புத்தகம். குறும்புத் தேவதைகளின் கதை.

நம் வீடுகளில் குடியிருக்கும் தேவதைகள் அவை. மிக்சி ஜாருக்குள் ஒன்று. செல்போனுக்குள் ஒன்று, தட்டின்மேல் போனை வைத்தால் அதிர்ந்தபடியே தட்டு முழுக்க ஊர்வலம் போகும். குக்கர் வெயிட்டின்மேல் உட்கார்ந்து ஊஞ்சலாடும் ஒன்று. வாஷிங் மெஷினில் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்து வெளியே விழும் ஒன்று. அந்த வீட்டில் அப்பா பகலில் தூங்குகிறார். ஒரு சிறுமி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு தேவதை தேவதையாகப் போய்க் கெஞ்சுகிறாள். ஒன்றை அடக்கினால் இன்னொன்று கிளம்புகிறது. கடைசியில் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தம் போட, அப்பா தலைமயிர் நட்டுக்கொண்டு எழுந்து உட்கார்கிறார். எல்லோரும் நடுங்கி நிற்கும்போது, எல்லாச் சத்தத்தையும் தோற்கடிக்கும்படி ஒரு தும்மல் போடுகிறார். தேவதைகள் ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடி ஒளிகின்றன. அவ்வளவுதான் கதை.

"எழுத்துப்பிழை மட்டும் பாரு நைனா" என்று என்னிடம் கொடுத்தாள்.

நான் அதோடு நிற்கவில்லை. பேச்சுத் தமிழை எல்லாம் எடுத்துவிட்டு நல்ல தமிழாக்கினேன். படங்களுக்குள்ளேயே அவள் 'டமார்', 'டர்ர்ர்', 'உய்ய்ய்' என்று பெரிய எழுத்துகளில் சத்தங்களை வரைந்திருந்தாள். அவை படத்தின் அழகைக் கெடுக்கின்றன, மறைத்துவிடு என்றேன். தும்மலில் ஒரு கதை முடிவதாவது என்று, அப்பா தேவதைகளுக்கு அறிவுரை சொல்வதாகவும் அவை மன்னிப்புக் கேட்டு அமைதியாக வாழ்வதாகவும் மாற்றினேன்.

அவள் படித்துப் பார்த்தாள். "சரி நைனா. நல்லாத்தான் கீது" என்றாள். சத்தங்களின் மேலெல்லாம் வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டினாள். அந்த 'சரி நைனா'வை நான் முன்பே கேட்டிருக்கிறேன், கதவில் என் சட்டை தொங்கிய நாட்களில். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

சென்னையில் குழந்தைகள் புத்தகம் போடும் பதிப்பாளர் அம்மா ஒருவர் பார்த்தார். "படம் பிரமாதம். கதைதான் ஸ்கூல் ஆண்டுவிழா மாதிரி இருக்கு. பிள்ளைங்க முன்னாடி ஒரு தடவை படிங்க, நானும் வரேன். அவங்களுக்குப் பிடிச்சா புத்தகம். இல்லேன்னா படங்களை மட்டும் வேற கதைக்கு வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

படங்களை வேறு கதைக்குக் கொடுப்பதாக என் மகளுக்கு எண்ணமே இல்லை. படிக்கும் இடமாக அவள் சொன்னது, நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுத் தெருவை. அங்கே சர்ச்சுக்குச் சொந்தமான சின்னக் கூடம் ஒன்று இருக்கிறது. "ஆனா நீதான் படிக்கணும் நைனா. என் குரலு ரெண்டாவது வரிசை தாண்டாது" என்றாள். அந்தக் குரலை அப்படி ஆக்கியது யார் என்றும் எனக்கு அப்போது தோன்றவில்லை. பெருமையோடு ஒப்புக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்ட்ரல் போய் வண்டி மாறி, படங்கள் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். ஆராதனை முடிந்து, கூடம் முழுக்கப் பிள்ளைகள். கூடத்தை ஒட்டிய வீட்டுக் கதவில் நீலச் சட்டை ஒன்று தொங்கியது. பிள்ளைகள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள்.

என் மகள் அட்டையைத் தூக்கிப் பிடிக்க, நான் படித்தேன். ஏற்ற இறக்கத்தோடு, வழியனுப்பு விழாவில் படிப்பதைப் போல. பிள்ளைகள் கைகட்டிக் கேட்டார்கள். ஒரு சத்தம் இல்லை. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது பதிப்பாளர் அம்மா பையின் ஜிப்பை மெதுவாக மூடிக்கொண்டிருந்தார். என் மகள் என்னைப் பார்க்காமல் அட்டையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை, கிசுகிசுப்பாக, "தாத்தா, அந்த வெள்ளைக்கு அடில இன்னா கீது?" என்றது.

"ஒன்றும் இல்லை, கதையைக் கேள்" என்றேன்.

"கீது. எட்டிப் பாக்குது பாரு."

உண்மைதான். வெள்ளைத் தாளின் ஓரம் தூக்கிக்கொண்டு, ஓர் எழுத்தின் சிவப்பு வால் எட்டிப் பார்த்தது. அருகே போய்ப் பார்த்தேன். எல்லாத் தாள்களும் ஒரு மூலையில் மட்டும் பசை தொட்டு ஒட்டப்பட்டிருந்தன. பிஸ்கட் பாக்கெட்டில் மயிரிழை தவறாமல் வேலை செய்கிறவள் அவள். கை தவறி அப்படி ஒட்டியிருக்க மாட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். இந்தமுறை 'சரி நைனா' என்று சொல்லவில்லை.

நான் தாளைக் கிழித்தேன்.

"உய்ய்ய்ய்" என்றேன். குக்கர் விசில். என் குரலே எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் கை வாய்க்குப் போயிற்று; கைகளுக்குப் பின்னாலிருந்து புஸ் என்று காற்று வந்தது. "இன்னொரு வாட்டி!" என்றது அந்தக் குழந்தை. நான் திருத்தி எழுதி, கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்த தாள்களை நாற்காலியின் அடியில் போட்டேன். மிக்சிக்கு 'கர்ர்ர்' என்றேன். போனுக்கு 'டர்ர்ர்' என்று உடம்பை உதறிக்கொண்டு நடந்து காட்டினேன். வேட்டி அவிழப் பார்த்தது. "தாத்தா, வேட்டி, வேட்டி!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தியே விட்டான். அடுத்த அட்டையின் தாள்களைக் கிழிக்க ஆறேழு பிள்ளைகள் ஓடி வந்தார்கள். என் மகள் தன் குரலில் கதையில் வரும் சிறுமிக்காகப் பேசினாள்: "யோவ் தேவதை, அடங்குய்யா! எங்க நைனா தூங்குது!" அந்தக் குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டிப் போனது.

தாண்டிப் போன இடத்தில் ஒரு கதவு திறந்தது.

அப்பா எழுந்து உட்காரும் படத்தை அவள் தூக்கிப் பிடித்த நேரத்தில், அடுத்த வீட்டுக்காரர் கூடத்து வாசலில் வந்து நின்றார். லுங்கி, வெற்றுடம்பு, சிவந்த கண், நட்டுக்கொண்டு நிற்கும் தலைமயிர். "இன்னாய்யா பேஜாரு இது? நைட்டு ஷிப்ட் முட்ச்சி இப்பதான் கண்ண மூட்னேன்!"

பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள். எவர் கையும் வாய்க்குப் போகவில்லை. அப்படி ஒரு சிரிப்பை அந்தத் தெரு கேட்டிருக்காது. முன்வரிசைக் குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட அதே குழந்தைதான், அவருடைய மகள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கைகளைப் பார்த்ததும் என் காலுக்கு அடியில் விசில் நொறுங்கியது நினைவுக்கு வந்தது. நான் அவரிடம் போனேன். "தப்பு என் பேரில்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். நானும் இந்தத் தெருவில் சி ஷிப்ட் பார்த்தவன்தான்" என்றேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது இன்னா, என்ன வரைஞ்சி வெச்சிக்கிறீங்களா?"

"இல்லண்ணா, அது எங்க நைனா" என்றாள் என் மகள்.

"ஓ." தலைமயிரைக் கையால் அழுத்திவிட்டுக்கொண்டார். பிறகு, "சரி, அப்பறம் இன்னா பண்றாரு? அட்ச்சிட்றாரா?" என்றார்.

"தும்முகிறார்" என்றேன். "எல்லாச் சத்தத்தையும்விடப் பெரிதாக."

"இவ்ளோதானா?" தன் மகளைப் பார்த்தார். கைகளுக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அந்த மனிதர் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை விடைத்து, கூடம் முழுக்கக் காத்திருக்க வைத்து, ஒரு தும்மல் போட்டார் பாருங்கள், ஜன்னல் கம்பியில் இருந்த காக்கை பறந்துவிட்டது. அவருடைய மகள் கைகளை எடுத்துவிட்டுக் கத்தினாள்: "இன்னொரு வாட்டிப்பா!"

மூன்று தும்மல் போட்டுவிட்டுத்தான் அவர் தூங்கப் போனார். பதிப்பாளர் அம்மா ஜிப்பைத் திறந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதேதான். ஒரு எழுத்து மாத்தக் கூடாது. சார், நீங்க தொடவே கூடாது" என்றார்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். "உன் விசிலை நான் மிதித்திருக்கக் கூடாது. உன் புத்தகத்தையும்" என்றேன்.

அவள் அட்டைகளில் முதலாவதை உருவி என் மடியில் வைத்தாள். தரையில் இரண்டாக உடைந்த ஒரு சிவப்பு விசில். அதற்குள்ளிருந்து தேவதைகள் ஒவ்வொன்றாகச் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வருகின்றன. இத்தனை நாள் சொல் சொல்லாகத் திருத்திக்கொண்டிருந்த நான், சொல்லே இல்லாத அந்தப் பக்கத்தைப் பார்க்கவேயில்லை.

"நீ மிதிச்சதால தான் நைனா இதுங்கோ வெளிய வந்துச்சிங்கோ" என்றாள். "அதுக்காக இனிமே மிதிக்காத."

பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

புத்தகம் வந்துவிட்டது. தும்மல் இரண்டு பக்கம் முழுக்க நிற்கிறது. முதல் பிரதியை நீலச் சட்டைக்காரரின் மகளுக்குக் கொடுத்தோம். வேப்பம்பட்டிலும் திருவள்ளூரிலும் பிள்ளைகள் கூடும் இடத்துக்கெல்லாம் என்னைப் படிக்கக் கூப்பிடுகிறார்கள். போகிறேன். வேட்டியை மட்டும் பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு போகிறேன்.