தப்பில்லாத மூன்று அட்டைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை கம்ப்யூட்டருக்கான பஞ்ச் கார்டு வேலைக்கு எட்டுப் பெண்களைப் பயிற்சிக்கு எடுத்தது. அவர்களில் நானும் ஒருத்தி. ஆறு மாதம் கழித்து மூன்று பேருக்குத்தான் வேலை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலையிலேயே ஏ.சி. போட்ட அறை எங்களுடையது மட்டும்தான். அந்தக் குளிர்ச்சி மெஷின்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை என்பதைச் சொல்லிக்காட்டுவதில் பயிற்சி அதிகாரிக்கு ஒரு சந்தோஷம்.

ஸ்டோரிலிருந்து வரும் சீட்டைப் பார்த்து, அதிலுள்ள எண்களை அட்டையில் ஓட்டைகளாகக் குத்த வேண்டும். கண் சீட்டை விட்டு விசைப்பலகைக்கு இறங்கினால் அதிகாரியின் மர ஸ்கேல் விரல் முட்டியில் விழும். வலிக்காத மாதிரி உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டோம். அழுத ஒருத்தியை அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

எனக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள் வியாசர்பாடிப் பெண். அவள் வீட்டில் பத்தாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கஷ்டம் இல்லை. அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். அந்த வேலை எனக்குப் பிழைப்புக்கு வேண்டியதில்லை. மாதா கோயிலுக்குப் போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

கடைசிப் பரீட்சை வந்தபோது இரண்டு இடங்கள் யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்றாவது இடம் எனக்கா அவளுக்கா என்பதுதான் பாக்கி.

அதிகாரி எங்கள் இருவரையும் ஜோடியாகப் போட்டார். நான் குத்திய அட்டைகளை அவள் சரிபார்க்க வேண்டும், அவளுடையதை நான். சரிபார்ப்பதற்குத் தனி மெஷின் இருந்தது. அதே சீட்டைப் பார்த்து அதே எண்களை மறுபடியும் அடிக்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். மூன்று முறை அடித்தும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் அந்த எண்ணுக்கு நேராக அட்டையின் மேல் விளிம்பில் ஒரு வெட்டு வைத்துவிடும். வெட்டு விழுந்தால் அது தப்பு அட்டை.

அவள் அட்டைகளில் பாதிக்கு மேல் பார்த்துவிட்டேன். ஒரு தப்பும் இல்லை. சீட்டில் மூன்று என்று இருந்த இடத்தில் வேண்டுமென்றே எட்டை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. மறுபடியும் எட்டு. மறுபடியும் எட்டு. வெட்டு விழும் சத்தம் நகம் வெட்டுகிற சத்தம் போலத்தான் இருந்தது. இன்னும் இரண்டு அட்டைகளுக்கு அதையே செய்தேன்.

அதிகாரி வெட்டுகளை எண்ணினார். அவளுக்கு மூன்று, எனக்கு ஒன்றுகூட இல்லை.

அவள் அந்த மூன்று அட்டைகளையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைகளை விரலால் தடவி எண்ணினாள்.

"சார், கரெக்டாத்தான் சார் கீது. சீட்ட வெச்சிப் பாருங்க சார்."

"வெட்டு இருக்கா, இல்லையா?"

"இருக்குது சார். ஆனா…"

"மெஷினுக்கு உன்மேல என்ன விரோதம்? போய்க் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பு."

அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். நான் மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவளும் நின்றிருந்தாள். தள்ளி நிற்கலாமா என்று யோசிப்பதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"அஞ்சு வர்ற எடத்துல நீ அவசரத்துல நாலு அடிப்பேல்ல, இன்னிக்கும் ரெண்டு கார்டுல அட்ச்சிகீற," என்றாள். "வெளக்கு எரிஞ்சிச்சு. நானும் நாலையே அட்ச்சி அமுத்திட்டேன். வெட்டு வுழல."

"எதுக்கு அப்படிப் பண்ணே?"

"தோஸ்துன்னு நெனச்சுகினு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன். பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். அவள் ஏறவில்லை.

மறுநாள் வேலைக்கான உத்தரவு என் கைக்கு வந்தது. அப்பா தெருவெல்லாம் கேக் கொடுத்தார். மூன்றே வருடத்தில் புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் வந்தது. ஸ்கேலை அவர்கள் மேஜையிலேயே வைத்துவிடுவேன். அடிக்கவும் செய்தேன். என்னைக் கண்டிப்பானவள் என்றார்கள். அதைக் கேட்க நன்றாக இருந்தது.

அவளை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். எண்ணூரிலிருந்து வந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். காசிமேட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் தோலுரிந்து வெள்ளையாக ஊறிப்போயிருந்தன.

"இன்னும் அங்கதான் கீறியா?"

"ஆமா."

"நல்லா இரு," என்றாள். அதில் குத்தல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த எட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு நாலு நிறுத்தங்கள் இருந்தன. காசிமேடு வந்ததும் காலடியில் வைத்திருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். காலியான அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.