அறுபத்தெட்டாவது ஸம்மன்

ராகவேந்திரன் தலைப்பாகையை மூன்றாம் முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு முறையும் சரிகைக் கரை இடது காதுக்கு நேராக வந்து முடியவில்லை. மற்ற நாட்களில் அவர் கண்ணாடிப் பக்கமே திரும்புவதில்லை. கோர்ட்டு நாளான செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் இந்தச் சிரத்தை.

"சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பறாப்பல இருக்கு," என்றாள் மனைவி காமு, ரசத்தை இறக்கி வைத்துக்கொண்டே. "டிரைவருக்கு அபராதம் போடற துரை, உங்களைப் பாத்துட்டுப் பொண்ணு குடுக்கப்போறானா?"

அவர் இலையில் உட்கார்ந்தார்.

கும்பகோணத்துக்காரரான ராகவேந்திரன் கல்கத்தாவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பவானிப்பூரில் வாடகை வீடு. கிளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். அந்தக் கம்பெனியின் துரைமார்களுக்கு ஐந்து மோட்டார் வண்டிகள் இருந்தன. மைதானத்து ரெட் ரோட்டில் ஒரு மரத்தடியில் போலீஸ் சார்ஜன்ட் ஒருவர் கையில் கடிகாரத்தோடு காத்திருப்பார். தூரத்தில் நிற்கும் கான்ஸ்டபிள் கைக்குட்டையை வீசியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். வண்டி சார்ஜன்டைத் தாண்டியதும் கடிகாரம் நிற்கும்; வேகம் தெரிந்துவிடும். வேகமாகப் போகச் சொல்லிப் பின்னாலிருந்து கைத்தடியால் தட்டுகிறவர் துரை. ஸம்மன் வருவதோ டிரைவர் பெயருக்கு. அதைக் கோர்ட்டில் முடித்து வரும் பொறுப்பு, கையெழுத்து அழகாக இருந்த ஒரே காரணத்தால் ராகவேந்திரனிடம் வந்து சேர்ந்தது. 1910 மார்ச் முதல் 1913 அக்டோபர் வரை அறுபத்தேழு ஸம்மன்களை அவர் முடித்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் தனிப் பதிவேடு உண்டு. சிவப்பு மையில் கோடு போட்டு, தேதி, வண்டி எண், டிரைவர் பெயர், குற்றம் என்று நான்கு கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் முதல் வரியில் மட்டும் 'அதிவேகம்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அறுபத்தாறு வரிகளிலும் 'மேற்படி', 'மேற்படி' என்று ஒரே அளவில், ஒரே சாய்வில் இறங்கிக்கொண்டே போகும். அந்தப் பக்கங்களை அவர் ஆபீஸில் பலரிடமும் காட்டியிருக்கிறார்.

அவருடைய கோர்ட்டு முறை சுருக்கமானது. "எதுத்துப் பேசினா நாலு வாய்தா. ஒத்துண்டா நாலு நிமிஷம்," என்பார். பீகாரியானாலும் பஞ்சாபியானாலும், டிரைவரைக் கோர்ட்டு வராந்தாவில் நிறுத்தி, 'கில்ட்டி' என்ற ஒரே இங்கிலீஷ் வார்த்தையை மூன்று தரம் சொல்லவைப்பார். உச்சரிப்பு பிசகினால் நான்காம் தரமும் உண்டு. நேரம் மிச்சமாகிறது என்பதால் கோர்ட்டு குமாஸ்தாவான வங்காளி பேஷ்காரும் ராகவ் பாபுவின் கேஸ்களை முதலிலேயே கூப்பிட்டுவிடுவார். மாஜிஸ்திரேட் தலை நிமிராமலே அபராதத்தை எழுதுவார்.

நவம்பர் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை, அலிப்பூர் டிராமில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நடராஜன். பெரிய துரை சென்னையிலிருந்து கூட்டிவந்த டிரைவர். ராயபுரத்துப் பிள்ளை. இங்கிலீஷ் தெரியாது, கோர்ட்டும் அவனுக்கு இதுதான் முதல் தடவை. ஏறியதிலிருந்து எதையோ சொல்ல ஆரம்பிப்பதும் நிறுத்துவதுமாக இருந்தான்.

"சாமி, நான் வேகமா வரல."

"எல்லாரும் அதைத்தான் சொல்றா. கல்கத்தாவிலே இதுவரைக்கும் ஒருத்தனும் வேகமாப் போனதில்லை."

"சார்ஜன்ட் கையில கடியாரமே இல்ல சாமி."

"அடுத்த தடவை நான் ஒண்ணு வாங்கிக் குடுத்தனுப்பறேன். வார்த்தையைச் சொல்லு, பார்ப்போம்."

நடராஜன் வார்த்தையைச் சொன்னான். சிறிது நேரம் கழித்து, பாலிகஞ்ச் முனையில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவர் தனக்காகக் கோர்ட்டுக்கு வருவதாகச் சொன்னார் என்றான். வந்தால் ஒரு பீடா வாங்கிக்கொள்ளலாம் என்று ராகவேந்திரன் சிரித்தார். இவ்வளவு விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது மேலே பேசுவது மரியாதையில்லை என்று நினைத்தானோ என்னவோ, "நீங்க சொன்னா சரி சாமி," என்று நடராஜன் அடங்கிவிட்டான்.

வழக்கம்போல் முதலில் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறிய நடராஜன் ராகவேந்திரனைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். "கில்ட்டி," என்றான் அவன், ஒரு எழுத்துப் பிசகாமல்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார்.

மூன்றரை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட் மறுபடி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை ஹிந்துஸ்தானியில் கேட்டார். ஒன்றும் புரியாத நடராஜன் மறுபடி ராகவேந்திரனைப் பார்த்தான். பழக்கம் கழுத்தில் இருந்தது. அவர் மறுபடி தலையசைத்தார். அவனும் மறுபடி சொன்னான்.

அதன் பிறகுதான் சார்ஜன்ட் எழுந்து காகிதத்தை வாசித்தார். பாலிகஞ்ச் முனையில், கூடை சுமந்து வந்த கிழவர் மோட்டாரில் அடிபட்டார். இரண்டு காலும் முறிந்தன. கவனமின்றி ஓட்டிக் கொடுங்காயம் விளைவித்த குற்றம். அடிபட்டவரை அதே வண்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் டிரைவர்தான் என்பது கடைசி வரி. கிழவர் தாமாகவே கால் இடறி வண்டி முன்னால் விழுந்தார் என்று சொல்வதற்கு அந்த வெற்றிலைக் கடைக்காரர் வராந்தாவில் காத்திருந்தார். குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டதால், சேவகன் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னான்.

ராகவேந்திரன் கையிலிருந்த ஸம்மனைப் பிரித்தார். அச்சடித்த வரிகளுக்கு நடுவே, குற்றத்தின் பிரிவும் விவரமும் கறுப்பு மையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. நான்கு நாளாக அவர் மேஜையில் இருந்த காகிதம். தேதியைப் படித்திருந்தார், வண்டி எண்ணைப் படித்திருந்தார், பெயரைப் படித்திருந்தார். நான்காவது கட்டத்தை நிரப்ப அவருக்கு இந்தக் காகிதம் தேவைப்படவில்லை.

எழுந்து, தவறு நடந்துவிட்டது என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். நீர் வக்கீலா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். இல்லை என்றார். அப்படியானால் உட்காரும், இரண்டு முறை கேட்டு எழுதியாகிவிட்டது என்று பதில் வந்தது. குரலில் கோபம்கூட இல்லை. பேனா ஓடியது. ஆறு மாதம் கடுங்காவல்.

கூண்டிலிருந்து நடராஜன் குனிந்து, சிரித்த முகத்தோடு கேட்டான்: "ஆச்சா சாமி? பதினோரு மணிக்குத் துரை வண்டி கேட்டாரு. போலாமா?"

கான்ஸ்டபிள் ஒருவன் விலங்கைக் கையில் எடுத்துக்கொண்டு கூண்டை நோக்கி நடந்தான். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். பேஷ்கார் கண்ணைக் காட்டி வெளியே போகச் சொன்னார். ராகவேந்திரன் கூண்டின் கட்டைக் கதவைத் தள்ளி உள்ளே ஏறி, நடராஜனுக்கும் கான்ஸ்டபிளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.