தங்கச்சி வீட்டைச் சுற்றி ஒரு வட்டம்

காலை ஒன்பது இருபத்தேழு. மணிக்கூட்டில் அந்த நேரத்தைக் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்போதுதான் நீதிமன்றத் திரையில் ஒஸ்லோ வரைபடத்தைக் காட்டினார்கள். சிவப்பு வட்டம் என் தங்கச்சி இருக்கும் மோர்டென்ஸ்ருட்டைச் சுற்றிக் கிடந்தது. நாங்கள் மகளோடு இருப்பதோ நகரத்தின் மறுபக்கம், அம்மருட்டில்.

எட்டு வருடங்களுக்கு முன் என் மகளைக் கத்தியால் குத்தியவன் சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வரப்போகிறான். அவனை முற்றாக விடுவதா என்ற இறுதி விசாரணை பிறகுதான். அதுவரை அவன் எங்கே கால் வைக்கக்கூடாது என்பதை அன்றைய முதற்கட்ட விசாரணையில் தீர்மானிப்பார்கள். அரச வழக்கறிஞர் கோப்பில் இருந்த விலாசத்தைச் சுற்றி வட்டம் கீறியிருந்தார்.

அந்த விலாசத்தைக் கொடுத்தது நான். நீதிமன்றக் கடிதம் எங்கள் தபால்பெட்டிக்கு வந்தால், எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சனம் "அவனுக்கும் இவளுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்குமே என்று பயந்து, என் தங்கச்சி வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். மகளையும் ஒருநாளும் விசாரணைக்கு வரவிடவில்லை.

எழும்பினேன். கணவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"இருமப்பா. கேட்டாக் கதைக்கலாம்."

"இருக்கேலாது."

"அவன் முன்னாலை இருக்கிறான். அவனுக்குக் கேக்க வீட்டைச் சொல்லப்போறீரோ?"

"எத்தினை நாள் எங்கடை வாசல் வரைக்கும் அவளுக்குப் பின்னாலை வந்தவன்! அவனுக்குத் தெரியும். தெரியாதது எங்கடை சனத்துக்குத்தான்."

"வட்டம் பிழை" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். பார்வையாளர்கள் பேசக்கூடாது என்றார் நீதிபதி. இன்னொருமுறை, இன்னும் சத்தமாகச் சொன்னேன். வெளியேற்ற வேண்டிவரும் என்றார்.

"வெளியேற்றுங்கள். ஆனால் என் மகள் அந்த வட்டத்துக்குள் இல்லை."

அரச வழக்கறிஞர் கோப்பைப் புரட்டினார். மகளே வந்து உறுதிப்படுத்தினால் மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்றார். பதினொரு மணிவரை இடைவேளை.

வெளியே வந்து மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, உன்ரை வாயாலை சொல்ல வேணுமாம். வருவியோ?"

"எட்டு வருஷமா அதைத்தானேயம்மா கேக்கிறன்!"

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்க, மருத்துவமனைச் சீருடையோடு வந்து நின்றாள். நீதிபதி விலாசம் கேட்டார். வீதி, கட்டட இலக்கம், மாடி, எல்லாவற்றையும் அவன் முன்னிலையில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"எங்கள் ரயில் நிலையத்தையும் வட்டத்துக்குள் சேர்த்துப் போடுங்கள்," என்றாள். "நான் வேலைக்குப் போகும் பாதை அது. அதை மாற்றப்போவது நானில்லை."