புருவம் ஏறாத பத்து நிமிடம்

விடிய ஐந்து பத்துக்குச் செய்தி வந்தது. ஹெர்மினியா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அவள் கணவர் சொன்னார். ஹெர்மினியாவின் உதவியாளர் எலெனித்தா போனை வைத்தாள். பிறகு எழுந்து சீருடையை மாட்டிக்கொண்டாள். அன்று ஜீப்னி என்ற சிறு பஸ் ஓட்டும் டாமியனுக்குத் தலையில் கதிர்வீச்சு சிகிச்சை. கட்டி கண் நரம்பை ஒட்டியிருந்தது. தலை இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பார்வை போய்விடக்கூடும்.

இலோயிலோ நகர ஆஸ்பத்திரியின் கீழ்த்தள அறையில், கதிர் பாயும்போது தலை அசையாமல் பிடிக்கும் முகமூடிகளைப் பத்தொன்பது வருஷம் வார்த்தவள் ஹெர்மினியா. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை நோயாளியின் முகத்தில் இழுத்து மேசையோடு பூட்டுவாள். அது இறுகப் பத்து நிமிடம். அதுவரை அவரிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. அது அவள் சட்டம். இந்த ஊரில் 'ஆமாம்' சொல்ல வாய் எதற்கு? புருவத்தைத் தூக்கினால் போதும். வலைக்குள் தூக்கினால் வலை அந்த வடிவிலேயே இறுகிவிடும். புருவம் இறங்கியதும் உள்ளே இடைவெளி, தலை ஆடும்.

தவறிப்போன முகமூடிகளில் ஆர்கிட் பூச்செடி வைத்து, கயிறு கட்டி வீட்டு வாசலில் தொங்கவிடுவாள். "வாசல் பூரா தலை! கடன்காரன்கூட வரமாட்டேங்கிறான்" என்பார் கணவர்.

நேற்று சட்டத்தை மீறியது எலெனித்தாதான். "சூடு தாங்குதா அண்ணே?" என்று கேட்டுவிட்டாள். டாமியனின் புருவம் ஏறிற்று.

"அடியே, அப்படியே மத்தியானம் என்ன மீனு தின்னாருன்னும் கேட்டுடு!" என்றாள் ஹெர்மினியா. ஸ்கேனில் இடைவெளி தெரிந்தது. "விடியட்டும், புதுசா வார்ப்போம்" என்றாள்.

விடிந்துவிட்டது.

"நீ துக்க வீட்டுக்குப் போம்மா. நெத்தியில பஞ்சு வெச்சு பழசையே மாட்டிக்கலாம்" என்றார் டாக்டர் வில்யாருவெல்.

"பஞ்சு அமுங்கும் டாக்டர். மறுபடி வார்க்கணும், மறுபடி ஸ்கேன் எடுக்கணும்."

"அப்புறம் கதிர் அளவுக் கணக்கெல்லாம் போட்டு முடிக்க சாயங்காலம் ஆயிடுமே."

"ஆகட்டும். நான் இருக்கேன்."

டாமியன் மேசையில் படுத்தார். "கண்ணு போச்சுன்னா ஹாரன் மட்டும்தான் அடிக்கலாம் தங்கச்சி."

"வாயும் வேணாம், புருவமும் வேணாம். ஏதாவது சொல்லணும்னா கால் கட்டைவிரலை ஆட்டுங்க." ஹெர்மினியா கண்டுபிடித்த வழி அது.

"இது நல்லாருக்கே. பொண்டாட்டிகிட்டயும் இப்படியே பேசிடறேன்."

வலையை இழுத்துப் பூட்டினாள். பத்து நிமிடமும் யாரும் பேசவில்லை. கட்டைவிரல் ஒரே ஒருமுறை ஆடியது. வலையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள்; கழுத்துப் பக்கம் இறுக்கம். விரலால் கொஞ்சம் தளர்த்திவிட்டாள். ஸ்கேனில் நெற்றிக்கும் வலைக்கும் நடுவே இடைவெளியே இல்லை.

மாலை ஐந்தரைக்குக் கதிர் ஓடி முடிந்தது. தலை இம்மியும் அசையவில்லை.

துக்க வீட்டுக்குக் கிளம்புமுன் ஹெர்மினியாவின் மேசையை ஒழுங்குபடுத்தப் போனாள். நேற்றைய முகமூடி புருவம் தூக்கியபடி கிடந்தது. கயிறு கோக்க மூன்று துளை வேண்டும். ஹெர்மினியா இரண்டு போட்டிருந்தாள். மூன்றாவது இடத்தில் பென்சில் புள்ளி மட்டும் இருந்தது.